ஞானம்மா கொடுத்து வைத்தவள்

கோர்ட் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள் லூர்தம்மாள்.

"பெத்த வயிறு எரியுதுய்யா. நீ நல்லா இருப்பியா? உன் வூட்டுல வெளக்கு எரியுமா?"

சாபமெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்த மாஜிஸ்திரேட்டுக்கு. காதில் விழுந்திருந்தாலும் அந்த மனுஷர் அசைந்திருக்க மாட்டார். அப்படி ஒரு கல்லுமூஞ்சி.

ஏரிக்கரைப் பக்கம் பம்ப் செட் மோட்டார்கள் திருடு போயிருந்தன. தொண்ணூற்றொன்று மே மாசக் குண்டுவெடிப்புக்கு அப்புறம், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வாலிபப் பையன் சைக்கிளில் போனாலே நிறுத்திக் கேள்வி கேட்ட நேரம் அது. லூர்தம்மாளின் மகன் சவரி லேத் பட்டறைக்காரன். பக்கத்து வீட்டுக் கோபால் கொத்து வேலை. ஒரே சைக்கிளில் வந்த இரண்டு பேரையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் ரகுபதி தங்கமான மனுஷர். ஸ்டேஷன் வாசலில் கிடந்த இரண்டு அம்மாக்களுக்கும் தன் கையாலேயே டீ வாங்கிக் கொடுத்தார்.

"நானும் புள்ளகுட்டிக்காரன்தாம்மா. நாலு வார்த்த கேட்டுட்டு அனுப்பிடறேன். கேஸே எழுதல. எழுதினா கோர்ட்டு, ஜெயிலுன்னு புள்ளைங்க பேரு கெட்டுடும்."

கோபாலின் அம்மா ஞானம்மா அவர் காலிலேயே விழுந்துவிட்டாள்.

லூர்தம்மாளுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. 'என் பட்டறை ஆளைப் பிடித்து வைத்து இரண்டு நாளாகிறது' என்று சவரியின் முதலாளி லக்ஷ்மிநரசிம்மன் மாஜிஸ்திரேட்டுக்குத் தந்தி அடித்துத் தொலைத்தார். யார் கேட்டார்கள் அவரை?

"படிச்சவங்க தலையிட்டா இப்படித்தான்" என்று ரகுபதி வருத்தப்பட்டார். "இப்ப சவரி மேல நான் கேஸ் எழுதியே ஆவணும். நீ கவலப்படாத. கோர்ட்டுல ரெண்டு நாள் போலீஸ் காவல் கேக்கறேன். குடுத்தா, விசாரிச்சிட்டு நானே உன் வூட்ல கொண்டாந்து விடறேன்."

அந்த நம்பிக்கையில்தான் அவள் கோர்ட்டுக்கு வந்தாள்.

சவரியை முன்னால் நிறுத்தினார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"அடிச்சாங்களா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"இல்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கீழ உக்காரு."

சவரி விழித்தான்.

"உக்காருன்னா உக்காரு. தரையில."

அத்தனை பேர் பார்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தான் சவரி. பாதியிலேயே நின்றுவிட்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. லூர்தம்மாளை அவமானம் பிடுங்கித் தின்றது. காலனிப் பையன் என்றால் தரையில்தான் உட்கார வைக்க வேண்டுமா?

"போதும், நில்லு." காகிதத்தில் என்னவோ எழுதினார். "போலீஸ் காவல் கிடையாது. பதினஞ்சு நாள் ஜெயில்."

லூர்தம்மாள் ஓடிப் போய்க் கும்பிட்டாள். "ஐயா, ஜெயிலு வோணாங்கய்யா. எஸ்.ஐ. ஐயா கூடவே அனுப்பிடுங்க. பெத்தவ நானே சொல்றேன்."

அவர் எழுதிய காகிதத்தைக் கிளார்க்கிடம் நீட்டினார். பிறகு, "இந்தம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஞானம்மா ஆறுதல் சொல்ல வந்தாள்.

"அழாதக்கா. கோபாலு நாளைக்கி வந்துடுவான், எஸ்.ஐ. சொல்லிட்டாரு. வந்ததும் அவன வுட்டு சவரிக்கு ஜாமீன் பாக்கச் சொல்றேன்."

சொல்லிவிட்டு, மகனுக்கு அடிக்க வைத்திருந்த கோழியைக் கூடையில் கவிழ்க்கப் போனாள். லூர்தம்மாளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொய் சொல்வானேன்.

நாலாம் நாள் மனுப் போட்டு ஜெயிலில் மகனைப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், இன்னொரு கைதியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான் சவரி.

"இன்னாடா ஆச்சி காலுக்கு?"

"இப்ப தேவலாம்மா. உள்ள ஆஸ்பத்திரியில வச்சிக்கிறாங்க. டாக்டர்கிட்ட காட்டணும்னு அந்த ஐயாதான் எழுதிக் குடுத்தாராம்."

"எந்த ஐயா? அந்தக் கல்லுமூஞ்சியா?"

"திட்டாதம்மா. பின்னால அவங்க நின்னுகினு இருக்கும்போது, அடிச்சாங்கன்னு நான் எப்டி சொல்லுவேன்? வாயத் தொறந்தா தொலச்சிடுவேன்னு ரகுபதி சொல்லித்தான் கூட்டியாந்தாரு. அதான் அந்த ஐயா உக்காரச் சொல்லிப் பாத்தாரு. என்னால முடியலன்னதும் அவருக்குப் புரிஞ்சிபோச்சி. திரும்ப ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தா நான் இல்லம்மா."

அங்கேதானே அனுப்பச் சொல்லி லூர்தம்மாள் கும்பிட்டாள். அந்த ரகுபதி கையாலேயே டீயும் வாங்கிக் குடித்திருந்தாள்.

சவரி தலையைத் தூக்காமல் கேட்டான். "ஞானம்மா அத்த எப்டிமா கீது?"

"அவளுக்கு இன்னாடா, கொடுத்து வச்சவ. கோபாலு மேல கேஸே எழுதலயே. இன்னிக்கி நாளைக்கின்னு வந்துடுவான்."

சவரி வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"அவன் வரமாட்டாம்மா. என்னை கோர்ட்டுக்குக் கூட்டியாந்ததுக்கு முந்தின நாளே அவன் உடம்பு சில்லுனு ஆயிடிச்சி. ஜமுக்காளத்துல சுத்தி எங்கியோ தூக்கிக்கினு போய்ட்டாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேஸ் எழுதலன்னு சந்தோஷப்படாதம்மா. எழுதியிருந்தா, அவனயும் அந்த ஐயா கண்ணுல காட்டியிருப்பாங்க."