தையல்சிட்டு மேல் ஒரு புகார்

தையல்சிட்டைத் திருடி என்று சொல்லிவிட்டாள் மைனா. அதுவும் முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தவளை, மரத்துப் பறவைகள் அத்தனையும் கேட்கும்படி.

"இலை இந்த அத்திமரத்தோடது. நூல் சிலந்தியோடது. மெத்தைக்குப் போட்ட பஞ்சு இலவமரத்தோடது. இதுல உன் சொந்தச் சரக்கு என்னடி இருக்கு? எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு இடத்தைக் காலி பண்ணு."

கூடு போனால் முட்டைகளும் போய்விடும். சிட்டுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் எழுந்து சண்டைக்குப் போனால் முட்டை குளிர்ந்துவிடுமே. உட்கார்ந்தபடியே தான் தைத்த கூட்டைச் சுற்றிப் பார்த்தாள். இலையின் இரண்டு ஓரங்களும் தையலில் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன. பார்க்கப் பார்க்கக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"அவங்கவங்க சரக்கைத் தாராளமா எடுத்துக்கட்டும் அக்கா," என்றாள். "இலையில நான் அலகால குத்தின துளைகளை மட்டும் எனக்கு விட்டுட்டுப் போகச் சொல்லுங்க."