பெரியப்பாவின் துவக்கு
மோர்னிங்சைட்டில், மரியோவின் சகலன் அமிர்தநாதருடைய வீட்டு பேஸ்மென்ற். சின்ன ஜன்னலால் விழுகிற வெயிலில் மான்வேட்டைத் துவக்கு எண்ணெய் பூசி மினுங்குகிறது. அவர் அதை மடியில் கிடத்தித் துடைக்க, எண்ணெய்த் துணியின் மறுமுனையைப் பிடித்தபடி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள் ஆறு வயது நடாஷா. தன் மகள் தன்னை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை என்று மரியோவுக்கு வயிறு எரிகிறது. வீடும் இந்த மனுசனுக்கு, இப்போது பிள்ளையும் இந்த மனுசனுக்கு. "பிள்ளையள் வாற வீட்டில உது என்னத்துக்கு அண்ணை?" குரலில் அக்கறையைவிட எரிச்சல்தான் கூட. அமிர்தநாதர் சிரித்துக்கொண்டே துவக்கை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார். "திறப்பு வைக்கிற இடம் எனக்கு மட்டும்தான் தெரியும், மரியோ." "நோ பெரியப்பா, எனக்கும் தெரியும்!" நடாஷா அவர் கையிலிருந்த திறப்பைப் பறித்து, கதிரையை இழுத்துப் போட்டு ஏறுகிறாள். சுவர்த் தட்டிலிருக்கும் அந்தோனியார் சுரூபத்தைப் பக்குவமாகத் தூக்கி, அடியில் திறப்பை வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறாள். அமிர்தநாதரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. கதிரையில் நின்றபடியே, அப்பா மெச்சுவார் என்று, இன்றைக்கு முதல் தடவையாக அவள் மரியோவைத் திரும்பிப் பார்க்கிறாள்.