பரம்பரைப் புல்லா

ஹெல்சிங்கியில் ஓர் அலுவலகம். காபி மேசையில் தினமும் வீற்றிருக்கும் பின்லாந்து இனிப்பு ரொட்டியின் பெயர் புல்லா. அன்று அதன் பக்கத்தில், யாரோ கொண்டுவந்த ரவா லட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றது புல்லா. "உங்க வாசனை என் மேல ஒட்டிக்கப்போவுது. நான் பரம்பரை பரம்பரையா இந்த ஊரு."

லட்டு தள்ளி உட்கார்ந்தது.

காபி குடிக்க வந்த ஐனோ இரண்டையும் பிட்டு ஒரே தட்டில் போட்டாள். புல்லாவுக்குள்ளிருந்து ஓர் ஏலக்காய் விதை எட்டிப் பார்த்தது. லட்டுக்குள்ளிருந்த ஏலக்காயைக் கண்டதும் அதற்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, நீங்க போடிநாயக்கனூர்ப் பக்கந்தானே?"

"ஆமாடா தம்பி. நீ எந்தத் தோட்டம்?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்," என்றது புல்லா.