சதுர்த்தசி மூச்சு

“நல்லா இழுத்து ஊதுங்க” என்றேன்.

என் வீட்டுக்காரர் பார்சுவநாதன் கன்னம் உப்ப ஊதினார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

சர்க்கரைக்காரர்கள் விரலைக் குத்தாமல் மூச்சை வைத்தே பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த புதுக் கருவி அது. இன்னும் சோதனையில்தான் இருக்கிறதாம். பச்சை என்றால் நல்லது. சிவப்பு என்றால் வம்பு.

இன்று சதுர்த்தசி. நாங்கள் ஜைனர்கள், வெங்காயத்தைக்கூட வீட்டுக்குள் விடாத குடும்பம். சதுர்த்தசி என்றால் இருவருக்கும் முழு உபவாசம்.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார். மனுஷன் கேட்டால்தானே? போன உபவாசத்தன்று பஸ் ஸ்டாண்டில் சுருண்டு விழுந்தவரை ஆட்டோவில் போட்டு எடுத்து வந்தார்கள். அப்படியும் வீம்பு குறையவில்லை. நான் பயந்து செத்தது எனக்குத்தான் தெரியும்.

“பாத்தியா பத்மினி? உபவாசம் இருந்தா உடம்பு எப்படி இருக்குதுன்னு” என்று மீசையைத் தடவினார்.

“குடுங்க, நானும் ஊதிப் பாக்கறேன்.”

சிவப்பு.

அவர் கை மீசையிலேயே நின்றுவிட்டது. உனக்குமா என்று பதறிப்போய், ஆஸ்பத்திரியில் கருவியைக் கொடுத்த வினோதினிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

“அம்மா உபவாசமா சார்? நாள் பூரா வயித்துல ஒண்ணும் போடலன்னா சுகர் இல்லாதவங்களுக்கும் சிவப்பு வரும். கருவி குடுத்தப்பவே அம்மாகிட்ட சொன்னேனே.”

போனை வைத்தார். தன் பச்சையை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“மேகம் ஜாஸ்தியா இருக்குது” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

மத்தியானம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று மலையைச் சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் போயிருந்தார். வழியில் வள்ளியின் இட்லிக் கடை. கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் சார் என்று வள்ளி தட்டை நீட்டியிருப்பாள்.

அவர் யோகம், இன்றைக்கென்று பார்த்து வள்ளி சட்னியில் வெங்காயமே போடவில்லை.

ஏன் என்று அவர் கேட்டிருந்தால், காலையிலேயே நான் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததை வள்ளி உளறியிருப்பாள். நல்லவேளை, பசி கேட்கவிடவில்லை.