பின்னால் ஒரு நாற்காலி

"துப்பாக்கியோட பின்னால திரும்புனா, அன்னைக்கே கிளப்ப விட்டு வெளிய. எங்கப்பனா இருந்தாலும் சரி," என்பார் பயிற்சியாளர் தேவசகாயம். இளம்பரிதி ஒருநாளும் திரும்பியதில்லை.

இன்று உள்ளரங்கில் தேர்வு. கடைசிக் குண்டும் நடுப்புள்ளியைத் துளைத்தது. மாநில அணியில் இடம் உறுதி! உடம்பெல்லாம் துள்ள, "அமலி, பாத்தியா!" என்று கத்தியபடி துப்பாக்கியோடு திரும்பினான். பின்னால் நின்றவர்கள் பதறித் தரையில் குப்புற விழுந்தார்கள். மனைவி அமலி உட்கார்ந்து பார்க்கும் நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது. அவள் இறந்து மூன்று மாதமாகியும் அவளுடைய சிவப்புக் காதுக்கவசத்தை யாரும் அதிலிருந்து எடுக்கவில்லை.

தேவசகாயம் தவழ்ந்து வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துத் துப்பாக்கியை இலக்கின் பக்கம் திருப்பினார்.

"சார், நான் வெளிய போகணுமா?"

அவர் நாற்காலியைப் பார்த்தார். "மொதல்ல துப்பாக்கிய மேசையில வைடா. வெச்சிட்டு அப்புறம் திரும்பு. அவ எங்கயும் போயிட மாட்டா."