மாங்கா லாரிக்கு ஒற்றை ஸ்டார்

“ஏங்க, யாரு இந்த ‘சித்தூர் சிங்கம்’? கையில மட்டும் கிடைச்சான்னா இருக்கு!”

அகிலா போனை நீட்டினாள். அவள் புருஷன் சுரேஷ்பாபு வாங்கிப் பார்த்தான்.

அவள் தனியாளாகச் செய்து வெளியிட்ட ‘மாங்கா லாரி’ என்ற போன் விளையாட்டைப் பற்றி ஆடியவர்கள் எழுதிய கருத்துகள். ஒருத்தர் விடாமல் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒன்று மட்டும் ஒற்றை ஸ்டாரோடு உட்கார்ந்திருந்தது.

‘கேவலமான ஆட்டம். கண்றாவி. எவனும் எடுக்காதீங்க.’

“நீ பதில் போடலியா?”

“போட்டேனே. ‘எந்த இடம் பிடிக்கலைன்னு சொல்லுங்க சார், சரி பண்ணிடறேன்’னு மரியாதையாத்தான் கேட்டேன். அதுக்கு என்னா எழுதியிருக்கான் பாருங்க.”

‘எல்லாந்தான். லாரியும் அதும் மூஞ்சியும்.’

சுரேஷ்பாபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்த முறைப்பில் அப்படியே விழுங்கிக்கொண்டான்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, சித்தூர் பக்கத்தில் புருஷன் ஊரான குடிபாலாவுக்கே வந்து உட்கார்ந்து செய்த விளையாட்டு அது. மேடும் பள்ளமுமான ரோட்டில், ஏற்றிய மாங்காய் சிந்தாமல் லாரியை ஜூஸ் ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

யார் என்ன குறை சொன்னாலும் அகிலா சண்டைக்குப் போகமாட்டாள். குவைத்தில் வேலை செய்கிற டிரைவர் ஒருத்தர், ‘ஹாரன் நம்ம ஊரு லாரி மாதிரி இல்லியேம்மா’ என்று எழுதினார். மறுநாளே பைபாஸ் ஓரமாக நின்று நிஜ லாரியின் ஹாரனைப் பதிவு செய்து சேர்த்தாள். எழுத்து பொடியாக இருக்கிறது என்றார் இன்னொருத்தர். பெரிதாக்கினாள்.

இந்தச் சிங்கத்துக்காகவும் லாரியின் நிறத்தை மாற்றிப் பார்த்தாள். முகப்பை மாற்றிப் பார்த்தாள். ஒற்றை ஸ்டார் அசையவில்லை. அதைப் படித்துவிட்டுத்தானோ என்னவோ, புதிதாக எடுப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

“இப்பிடியே போனா திரும்ப பெங்களூருதான். பழைய கம்பெனியில திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லச் சொல்லிட்டாங்க” என்றாள்.

சுரேஷ்பாபு அந்தப் பெயரை மறுபடி பார்த்தான். அவன் முகம் மாறியது.

“அகிலா... இது என் ஐடி.”

“என்னது!”

“அய்யய்யோ, நான் போடல! காலேஜ் படிக்கச்சொல்ல வெச்சிக்கினு இருந்த பேரு. என் பழைய போன்ல கெடந்துது.”

“அந்தப் போன் இப்ப எங்க?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்வாசல் பக்கம் திரும்பினார்கள். அவனுடைய அம்மா செல்லியம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் அந்தப் போன்.

“எம்மோவ்! இன்னாம்மா இது? இத நீயா எழுதன?”

“ஆமாண்டா. மைக்க அமுக்கிக்கினு பேசனேன். அதுவே எழுதிக்கிச்சி.” அவளிடம் துளிப் பதற்றம் இல்லை.

“சோறு துன்னக்கூட எழுந்திரிக்காம மருமவ உக்காந்து செஞ்சது. அதப் போயி கேவலம்னுவியா? வெளியாளு எவனும் வேணாம். நீ ஒருத்தியே போதும், ஊத்தி மூடறதுக்கு!”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் அகிலா. அவளுக்கும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

“அத்தை, என் எதிர்ல ஒரு தடவை ஆடுங்க. எங்க பிடிக்கலைன்னு பாத்து நான் சரி பண்ணிக்கறேன்.”

செல்லியம்மா புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

திரையைப் பார்த்த அகிலா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

கடைசிக் கட்டம்! மலையிறக்கம்! செய்தவளே இன்னும் மாங்காய் சிந்தாமல் தாண்டாத இடம். செல்லியம்மாவின் கட்டைவிரல் பிரேக்கைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தது. “மெல்லகா... மெல்லகாடா கண்ணு” என்று லாரியோடு பேசிக்கொண்டே வளைவு வளைவாக இறக்கினாள். ஒரு மாங்காய்கூட உருளவில்லை.

“அத்தை! இது வரைக்கும் வந்துட்டீங்களா?”

“பின்ன? தெனம் இத ஒரு ஆட்டம் ஆடாம படுக்கறதில்லியே நானு.”

“அப்பறம் ஏம்மா கண்றாவின்னு போட்ட?” மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

செல்லியம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அன்னிக்கு நீ எல்லாத்தியும் படிச்சிக் காட்டனியே அகிலா. குவைத்துல ஒருத்தன், சிங்கப்பூர்ல ஒருத்தி, பேரே வாயில நொழையாத ஊர்ல இன்னொருத்தன்... இந்த வூட்ல உக்காந்துகினு நீ செஞ்சத ஒலகமே எடுத்து ஆடுது! எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சிம்மா. ஒருத்தர் பாக்கியில்லாம சூப்பரு, சூப்பருன்றாங்கோ...”

புளி ஒட்டிய விரலால் மருமகளின் முகவாயைத் தொட்டாள்.

“அத்தினி பேரு கண்ணும் பட்டு, நீ மறுபடி பெங்களூர் பஸ் ஏறிட்டீன்னா? அதான், கொழந்தைக்கு கன்னத்துல மை வெக்கிறாப்புல, ஒண்ணே ஒண்ணு வெச்சி வுட்டேன்.”