பதில் முடியும் வரை

அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். அப்போதும் ஆடியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தாள். ம்ஹூம்.

பள்ளி நூலகத்தின் கடைசி பெஞ்சில் டீச்சர். முன்னால், மேஜைக்கு அந்தப் பக்கம், ஆள் எடுக்க வந்த கம்பெனி அம்மாவும் கூட வந்த இளைஞனும். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலியில் யுவஸ்ரீ. பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு. அவளுடைய மாணவி.

டீச்சர் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாய்க்குப் பூட்டுப் போடலாம். காலுக்கு?

இந்த வேலை கிடைத்தால் கம்பெனியே யுவஸ்ரீயை டிப்ளமோ படிக்க வைக்கும். கிடைக்காவிட்டால், ரிசல்ட் வந்த மறுநாளே அவள் அம்மா போகிற செருப்பு கம்பெனி வேனில் அவளுக்கும் ஓர் இடம். வேன்காரரிடம் அம்மா சொல்லிக்கூட வைத்துவிட்டாள்.

பெண் கெட்டிக்காரிதான். ஆனால் பேச்சு அவள் அப்பாவின் பழைய மொபெட் மாதிரி. ஓடினால் ஓடும். நடுவில் நின்றுவிட்டால் உதைத்து உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

போன வருடம் இதே நாற்காலியில் இன்னொருத்தி. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். டீ கொண்டுவந்த ஆயா உள்ளே நுழைந்ததும் துள்ளி எழுந்து வணக்கம் சொன்னாள். திரும்ப உட்கார்ந்தபோது பதில் வாயில் இல்லை.

போச்சு.

அவளைச் சொல்லி என்ன? ஒன்றாம் வகுப்பிலிருந்து யார் உள்ளே வந்தாலும் எழுந்திரு, எழுந்திரு என்றுதானே எல்லோருமாகச் சேர்ந்து வளர்த்தோம்?

அதனால் இந்த வருடம் பாடமே அதுதான். பயோடேட்டா எல்லாம் அப்புறம். முதலில் உட்காரப் பழகு. நாற்காலியில் ஒருத்தியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பாள். நடுவில் வாட்ச்மேனை உள்ளே அனுப்புவாள். ஆயாவை அனுப்புவாள். கேள்வி கேட்கப்பட்டவளோடு மொத்த வகுப்பும் எழுந்து நிற்கும். ஒருநாள் வாசலில் நாய் எட்டிப் பார்த்தது. அதற்கும் பாதிப் பேர் எழுந்தார்கள்! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"யார் வந்தாலும் சரி. பதில் முடியற வரைக்கும் எழுந்திரிக்காதீங்கடி. முடிச்சிட்டு எழுந்து வணக்கம் சொல்லுங்க. மரியாதை ஒண்ணும் ஓடிப்போயிடாது."

சொன்னது அவள்தான்.

கம்பெனி அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"லைன் ஓடிட்டிருக்கு. பக்கத்துல இருக்கறவங்க ஒரு பார்ட்டைத் தப்பா மாட்டுறாங்க. உன்னைவிட சீனியர். என்ன பண்ணுவே?"

யுவஸ்ரீ முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டாள்.

"மொதல்ல அவங்ககிட்டயே சொல்லுவேன் மேடம். அக்கா, இது மாறி இருக்குன்னு..."

கதவு திறந்தது.

ஹெச்.எம். கையில் விரித்த பொன்னாடை. பின்னால் ஆயாவின் தட்டில் இன்னொன்று. அதற்கும் பின்னால் போட்டோ எடுக்க செல்போனோடு பி.டி. டீச்சர். வந்த விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவது இந்தப் பள்ளியில் கிடையாது. அதற்கு நேரம் காலமும் கிடையாது.

கம்பெனி இளைஞன் எழுந்துவிட்டான்.

"அவங்க... அவங்க கேக்கலைன்னா..."

யுவஸ்ரீயின் முதுகு நாற்காலியை விட்டு நகர்ந்தது. கண் கடைசி பெஞ்சைத் தேடியது.

கடைசி பெஞ்சில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள்.

எப்போது எழுந்தாள்? அவளுக்கே தெரியாது. கையை வேறு கட்டிக்கொண்டிருந்தாள்.

அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஊருக்குத்தானா உபதேசம்?

அவள் தொகுப்பூதியத்தில் இருப்பவள். ஜூன் வந்தால், ஹெச்.எம். சரி என்றால்தான் அடுத்த வருடம். அவர் முன்னால் அவள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில்கூடச் சுவரோரம் நின்றுதான் பழக்கம்.

யுவஸ்ரீ பாதி எழுந்த நிலையில் அவளையே பார்த்தாள்.

"கேக்கலைன்னா... நான் வந்து..."

மொபெட் நிற்கப் போகிறது.

டீச்சர் உட்கார்ந்தாள்.

பெஞ்ச் கிறீச்சிட்டது. ஹெச்.எம். திரும்பிப் பார்த்தார்.

யுவஸ்ரீயும் உட்கார்ந்தாள். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கலைன்னா சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவேன் மேடம். பெரியவங்களா இருந்தாலும் சொல்லுவேன். தப்பாப் போனா எல்லாருக்கும்தானே கெட்ட பேரு. எங்க லேப்ல ஒரு தடவை..."

லேப் கதை வேறா! சுருக்கமாச் சொல்லேன்டி, தாயே. விரித்த பொன்னாடையோடு ஹெச்.எம். நிற்கிறார். பி.டி. டீச்சர் செல்போனைத் தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் விழிக்கிறாள்.

பெண் ஒன்றையும் விடவில்லை. ஒயரை மாற்றிக் கொடுத்தது, ஃபியூஸ் போனது, யார் முதலில் கண்டுபிடித்துச் சொன்னது, அதற்கு வாங்கிய திட்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்புறம்தான் எழுந்தாள்.

"வணக்கம் மேடம்."

ஹெச்.எம். பதில் வணக்கம் சொல்லவில்லை. பொன்னாடையோடு மேஜையை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் கம்பெனி அம்மா. "நீ உட்காரும்மா. பரீட்சை முடிஞ்சு எப்போ வந்து சேர முடியும்?"

கடைசி பெஞ்சில் அவள் கண்ணை மூடித் திறந்தாள். வாய்விட்டு அழலாம் போல இருந்தது.

அதற்குள் ஹெச்.எம். பெஞ்ச் அருகே வந்துவிட்டார். பொன்னாடை இன்னும் கையிலேயே இருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவங்க வந்தா உட்கார்ந்தே இருக்கணும்னு யார் டீச்சர் இவளுக்குச் சொல்லிக்குடுத்தது?"

கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. எழுந்திரு, எழுந்திரு என்றது உடம்பு முழுக்க.

"நான்தான் மேடம்," என்றாள் உட்கார்ந்தபடியே.

முன்னால் யுவஸ்ரீ இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.